ஆலோசனை சொல்லாத பறவைகள்



1943ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். தெற்கு ஜெர்மனியின் பவேரியாவில், ஐஷ்டேட் என்ற ஊரில் இருந்த போர்க்கைதிகள் முகாமில் ஒரு விசித்திரமான வேலை தொடங்கியது. பிடிபட்டிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர் முறை வைத்துக்கொண்டு, பென்சிலும் கையில் கிடைத்த காகிதமுமாக, ஒரு ஜோடிக் குருவிகளைப் பார்க்க உட்கார்ந்தார்கள். ஆண் குருவி எப்போது பாடியது, பெட்டை எப்போது வந்தது, எத்தனை முறை பொந்துக்குள் நுழைந்தது என்று எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதினார்கள். காவல் கோபுரத்திலிருந்து சிப்பாய்கள் கைதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைதிகள் குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜூன் மாதம் வரை இது நடந்தது. மொத்தம் 850 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் நூறு நாளைத் தாண்டும்.

அந்தக் குருவிக்கு ஆங்கிலத்தில் ரெட்ஸ்டார்ட் என்று பெயர். நாம் செவ்வால் குருவி என்று வைத்துக்கொள்வோம். எடை ஏறக்குறைய 15 கிராம். ஆணுக்குக் கறுத்த முகம், வெள்ளை நெற்றி, செங்கல் நிற மார்பு; ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும் செம்பழுப்பு வால். குளிர்காலத்தைச் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே கழித்துவிட்டு ஏப்ரலில் ஐரோப்பாவுக்கு வரும். மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் கூடு வைக்கும். அந்த ஆண்டு அது கடந்து வந்த மத்தியதரைக் கடற்பகுதியில் போர் நடந்துகொண்டிருந்தது.

இந்தக் கண்காணிப்புக்குத் தலைமை தாங்கியவர் ஜான் பக்ஸ்டன். 1912இல் பிறந்தவர், கவிஞர். 1940இல் நார்வேயில் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். அன்று தொடங்கிய சிறைவாசம் போர் முடியும் வரை, ஐந்தாண்டுகள், நீண்டது. போருக்கு முன்பே பறவைகள் பழக்கம். அவருடைய மைத்துனர் ரொனால்ட் லாக்லி, வேல்ஸ் கரையோரத்து ஸ்காக்ஹோம் தீவில் பறவை ஆய்வு நடத்திப் பெயர் பெற்றவர். ஆகவே, பக்ஸ்டன் சிறைக்குப் போய்ப் பறவை பார்க்கக் கற்றுக்கொண்டவர் அல்ல. பழைய பழக்கம் புதிய இடத்தில் வேறொன்றாக மாறியது, அவ்வளவுதான். அது என்னவாக மாறியது என்பதுதான் இன்றைய பேச்சு.

"மனசு சரியில்லையா, கொஞ்சம் இயற்கையைப் போய்ப் பார்" என்று சொல்வது இன்று எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. கஷாயம் குடிக்கச் சொல்வதைப் போல, நோய் எது என்று கேட்காமலேயே சொல்லிவிடுகிறோம். மலையைப் பார், உறுதி வரும். நதியைப் பார், ஓட்டம் புரியும். மூங்கிலைப் பார், வளைந்து கொடுக்கத் தெரியும். இந்த வகைப் பேச்சில் மலையும் மூங்கிலும் பள்ளிக்கூட வாத்தியார்களாக நிற்கின்றன. துன்பத்தில் இருக்கும் ஆளுக்கு இன்னொரு வாத்தியார் தேவையா என்பது சந்தேகம். உண்மையிலேயே பெருந்துன்பத்தில் இருந்துகொண்டு இயற்கையைக் கவனித்தவர்கள், நாளும் நேரமும் போட்டு எழுதி வைத்தவர்கள், என்ன பெற்றார்கள் என்று பார்த்தால் படம் வேறு மாதிரி இருக்கிறது.

பக்ஸ்டன் முதன்முதலில் இந்தக் குருவியைக் கைதியாகப் பார்த்தது 1940 கோடையில். பவேரியாவில் ஓர் ஆற்றங்கரை முகாம். கைதிகள் எலும்பும் தோலுமாக இருந்த காலம். வெயிலில் படுத்திருந்தவர் கண்ணில் ஒரு செவ்வால் குடும்பம் பட்டது. அவை தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. இந்தப் பட்டினிக் கூட்டத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பக்ஸ்டன் பின்னாளில் எழுதிய புத்தகத்தில் இந்த அலட்சியத்தைத்தான் பெரும் இன்பமாகக் குறிப்பிடுகிறார். அவை வேறோர் உலகத்தில், தமக்காகவே வாழ்ந்தன. மனிதர்களின் அரசியலில் அவற்றுக்குப் பங்கில்லை. அதுவே தனக்குப் போதுமாக இருந்தது என்கிறார்.

இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். குருவி தன்னைத் தேற்றியது என்று அவர் சொல்லவில்லை. அது தனக்காகப் பாடியது என்றும் சொல்லவில்லை. ஹிட்லரையும் சர்ச்சிலையும் அறியாத ஓர் உயிர் அரை மணி நேரம் கண்ணெதிரே இருந்தால், அந்த அரை மணி நேரம் அவர்கள் இருவரும் இல்லாத நேரம். முகாமில் மற்ற எல்லாமே போரை நினைவூட்டின. ரொட்டியின் அளவு, தலை எண்ணும் நேரம், வராத கடிதம், எதை எடுத்தாலும் அதன் மறுமுனையில் போர் இருந்தது. குருவியின் மறுமுனையில் புழு மட்டுமே இருந்தது.

நமக்குத் தெரிந்த கதை ஒன்று உண்டு. மழையில் நனையும் குரங்குக்குத் தூக்கணாங்குருவி ஆலோசனை சொல்கிறது: கையும் காலும் இருக்கிறதே, நீயும் ஒரு வீடு கட்டிக்கொள்ளக் கூடாதா? குரங்குக்குக் கோபம் வந்து கூட்டைப் பிய்த்து எறிகிறது. தகுதியில்லாதவனுக்குப் புத்தி சொல்லாதே என்று அந்தக் கதைக்குப் பாடம் வைத்திருக்கிறோம். குரங்கின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கொட்டும் மழையில் நடுங்குகிறவனிடம் உலர்ந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு பேசும் பேச்சு அல்ல அது. நிஜத் தூக்கணாங்குருவி யாருக்கும் ஒன்றும் சொல்வதில்லை. அதனிடம் மீண்டும் வருவோம்.

ஐஷ்டேட்டுக்கு முன்பு, 1941-42இல், வார்பர்க் என்ற ஊரின் முகாமில் பக்ஸ்டனைப் போல இன்னும் மூவர் சேர்ந்திருந்தார்கள். எடின்பரோக்காரர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன், 1941இல் கிரீட் தீவில் பிடிபட்டவர், சிறுநீரக நோயாளி. பீட்டர் காண்டர், 1940 ஜூனில் பிரான்ஸின் கடற்கரை ஊரான சான் வலேரியில் ஒரு படைப்பிரிவே சரணடைந்தபோது சிக்கியவர். ஜான் பாரெட், சுட்டு வீழ்த்தப்பட்ட விமானத்திலிருந்து பிழைத்தவர். பிறகு வெவ்வேறு முகாம்களுக்குப் பிரிந்தாலும் நால்வரும் பறவை பார்ப்பதை விடவில்லை. காண்டர் கோல்ட்ஃபின்ச் என்ற சிறு பறவையை எடுத்துக்கொண்டார். அவருடைய குறிப்புகள் போர் முடிந்ததும் ஆய்வுக் கட்டுரையாக வந்தன.

குறிப்பெடுப்பது எளிய காரியமாக இல்லை. பறவை முள்கம்பிக்கு அப்பால் போய்விட்டால் பின்தொடர முடியாது. வேலியை நெருங்கினால் துப்பாக்கி நீளும். ஆனால் வெளியே இருந்த எந்த ஆய்வாளருக்கும் வாய்க்காத ஒன்று இவர்களிடம் கொட்டிக் கிடந்தது. நேரம். ஒரே ஜோடிப் பறவையை விடியற்காலை முதல் இருட்டும் வரை, நாள் தவறாமல், ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து பார்ப்பதற்குச் சுதந்திர மனிதன் எவனுக்கு நேரம் இருக்கிறது? பக்ஸ்டனின் 'தி ரெட்ஸ்டார்ட்' 1950இல் வெளியானது. ஒரு பறவையைப் பற்றி மட்டுமே எழுதப்பட்ட நூல்களில் அது இன்றும் மதிக்கப்படுவதற்கு, அவரிடமிருந்து பறிக்கப்பட்ட சுதந்திரமும் ஒரு காரணம். கசப்பான உண்மைதான்.

இங்கே ஒரு நுட்பமான செய்தி இருக்கிறது. தண்டனைக் கைதிக்கு விடுதலைத் தேதி உண்டு. சுவரில் கோடு போட்டு எண்ணிக் கழிக்கலாம். போர்க்கைதிக்கு அது கிடையாது. போர் அடுத்த மாதமும் முடியலாம், பத்தாண்டும் ஆகலாம். நாள்பட்ட நோயாளிக்கும், காணாமல்போனவருக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கும் இதே நிலைதான். வலியை விட, வலி எப்போது முடியும் என்று தெரியாததுதான் மனிதனை அரிக்கிறது. அப்படிப்பட்டவருக்குப் பறவை ஒரு நாள்காட்டியைக் கொடுத்தது. முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கினால் இரண்டு வாரத்தில் குஞ்சு வரும். இன்னும் இரண்டு வாரத்தில் அது பறக்கும். முகாம் வாழ்க்கையில் நம்பி எதிர்பார்க்கக்கூடிய தேதிகள் அவை. நாளைக் காலையில் கூட்டில் என்ன இருக்கும் என்ற கேள்வி, நாளைக் காலை என்ற ஒன்றை உண்டாக்கித் தந்தது.

வார்பர்க் கைதிகளுக்கு எதிர்பாராத இடத்திலிருந்து உதவி வந்தது. பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் எர்வின் ஷ்ட்ரேஸ்மான் என்ற பறவையியல் மேதை இருந்தார். எதிரி நாட்டுக் கைதிகள் பறவை பார்க்கிறார்கள் என்று அறிந்து, நூல்களும், பறவைகளின் காலில் மாட்டும் அடையாள வளையங்களும் கிடைக்க உதவினார். அவருடைய நகரத்தின் மீது குண்டு போட்டுக்கொண்டிருந்த நாட்டின் அதிகாரிகளுக்குத்தான் இந்த உதவி.

அதே ஷ்ட்ரேஸ்மானைத் தன் குரு என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த இந்தியர் ஒருவர் உண்டு. சலீம் அலி.

சலீம் அலியை நாம் பெரும்பாலும் பத்ம விபூஷண் பெற்ற, தளர்ந்த உருவமும் கழுத்தில் தொங்கும் தொலைநோக்கியுமான முதியவராகவே நினைவில் வைத்திருக்கிறோம். 1930இல் அவருக்கு 33 வயது, வேலை கிடையாது. மூன்று வயதுக்குள் தாயையும் தந்தையையும் இழந்து மாமா வீட்டில் வளர்ந்தவர். பர்மாவின் தவாய் பகுதியில் குடும்பத் தொழிலைப் பார்க்கப் போய், அது நொடித்து, ஊர் திரும்பியவர். பம்பாய் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை கிடைத்து, அதிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லின் போய் ஷ்ட்ரேஸ்மானிடம் பயிற்சி பெற்றார். திரும்பி வந்து பார்த்தால், நிதி இல்லையென்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. பறவைகளை நம்பிச் சோறு தேடிய படித்த இந்தியர் அன்று வேறு எவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

செலவைக் குறைக்க, பம்பாய்த் துறைமுகத்துக்கு அக்கரையில் இருக்கும் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார்கள் அவரும் மனைவி தெஹ்மினாவும். தெஹ்மினா குடும்பத்துக்கு அங்கே ஒரு சிறு வீடு இருந்தது. மழைக்காலம் தொடங்கியது. வீட்டருகிலேயே தூக்கணாங்குருவிகள் கூடு கட்ட ஆரம்பித்தன.

தூக்கணாங்குருவியைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. கிணற்றுக்கு மேலே சாயும் கிளையிலும் பனை மட்டையிலும் ஈச்ச மரத்திலும் சுரைக்காய் வடிவத்தில் தொங்கும் கூடுகளை எல்லோரும் பார்த்திருப்போம். உள்ளே களிமண் ஒட்டி மின்மினிப் பூச்சியைப் பதித்து விளக்கேற்றிக்கொள்ளும் என்று பாட்டிமார் சொன்னதையும் கேட்டிருப்போம். களிமண் நிஜம், விளக்கு கதை. இவ்வளவு பழகிய பறவையின் குடும்ப வாழ்க்கை அதுவரை யாருக்கும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர் இல்லை.

வேலையில்லாத மனிதர் உட்கார்ந்தார். அவர் கண்டது இது. கூட்டைக் கட்டுவது ஆண் மட்டுமே. புல்லையும் ஓலையையும் நாராகக் கிழித்து வந்து, முடிச்சுப் போட்டு, வளையம் செய்து, தலைக்கவசம் போன்ற பாதிக் கூடு வரை கொண்டு வருகிறது. அந்த நிலையில் நிறுத்திவிட்டு, அதில் தொங்கிக்கொண்டு சிறகடித்துக் கூவுகிறது. பெட்டைகள் கூட்டமாக வந்து ஒவ்வொரு கூடாக ஏறி இறங்கிப் பார்க்கின்றன. உள்ளே நுழைந்து இழுத்துப் பார்த்து, சில பிடிக்காமல் பறந்துவிடுகின்றன. ஒரு பெட்டைக்குக் கூடு பிடித்துவிட்டால்தான் ஆண் மீதிப் பாதியையும் நீண்ட நுழைவுக் குழலையும் கட்டி முடிக்கிறது. அவள் முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்ததும், அது பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கிவிடுகிறது, அடுத்த பெட்டைக்காக. யாரும் ஏற்காத கூடு அப்படியே பாதியில் தொங்கும். ஆண் அதை விட்டுவிட்டுப் புதிதாக நார் கிழிக்கப் போய்விடும்.

இந்த இடத்தில் மேடைப் பேச்சாளர்களுக்கு நாக்கு ஊறும். நிராகரிக்கப்பட்ட கூடு, மறுபடி முதலிலிருந்து தொடங்கும் குருவி, வேலையிழந்த மனிதர். மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் கைத்தட்டல் நிச்சயம். ஆனால் சலீம் அலி அப்படி எதையும் செய்யவில்லை. அவர் பார்த்தது விடாமுயற்சிக்கான உவமையை அல்ல. ஒரே பருவத்தில் ஓர் ஆண் அடுத்தடுத்துப் பல துணைகளைச் சேர்த்துக்கொள்ளும் முறையை. அதை 1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார். உலகப் பறவையியலாளர்களிடையே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்தக் கட்டுரைதான். உவமையாகப் பார்த்திருந்தால் குருவியைத் தவறவிட்டிருப்பார். ஒழுக்கக் கதைக்கு ஏற்ற குணமுள்ள பறவையும் அது இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அதன் பிறகும் மாதச் சம்பளம் வரவில்லை. சுதேச சமஸ்தானங்களுக்குப் போய், முகாம் செலவை மட்டும் கொடுத்தால் போதும், உங்கள் நாட்டுப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்றார். ஹைதராபாத் ஒப்புக்கொண்டது. 1933இல் திருவிதாங்கூரும் கொச்சியும். மாட்டு வண்டியிலும் கூடாரத்திலும் தெஹ்மினாவும் கூடவே வந்தார். 1939இல், சிறிய அறுவை சிகிச்சை ஒன்றுக்குப் பிறகு, அவர் இறந்துபோனார். சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. தமக்கை வீட்டில் போய்த் தங்கினார். 1941இல் 'இந்தியப் பறவைகள்' நூல் வெளிவந்தது. பறவைகள் அவருடைய இழப்பை ஆற்றின என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்; தன்வரலாற்றில் தெஹ்மினாவைப் பற்றிய பகுதிகளைப் படித்தவர்களுக்கு அது ஆறவில்லை என்று தெரியும். ஆறாத ஒன்றோடு ஒரு மனிதர் 48 ஆண்டுகள் வேலை செய்தார். 1987இல் மறையும் வரை.

சலீம் அலியின் 'இந்தியப் பறவைகள்' நூலைச் சிறையிலிருந்து தந்தை நேரு அனுப்பிவைத்தபோதுதான் பறவைகளின் மீது தன் கண் திறந்தது என்று இந்திரா காந்தி பின்னாளில் எழுதியிருக்கிறார். அனுப்பியவருக்குச் சிறை உயிரினங்களோடு பழக்கம் உண்டு. 1934-35இல் சிறையில் இருந்தே எழுதி 1936இல் வெளியிட்ட சுயசரிதையில் 'சிறையில் விலங்குகள்' என்றே ஓர் அத்தியாயம் வைத்தார். அரசியல் தலைவர் ஒருவரின் நூலில் அது இருப்பதே அழகு.

டேராடூன் சிறையின் சிற்றறையில் நேரு பதினான்கரை மாதம் இருந்தார். அறை முழுக்கக் குளவிகள். ஒரு நாள் ஒன்று கொட்டிவிட்டது. கோபத்தில் அவற்றை ஒழிக்கப் புறப்பட்டார். குளவிகள் விடவில்லை, முட்டைகள் இருந்த கூட்டைக் காக்கக் கடுமையாகப் போராடின. அதைப் பார்த்ததும் இவர் கையை இறக்கிவிட்டார். நீங்கள் என் வழிக்கு வராதீர்கள், நான் உங்கள் வழிக்கு வரவில்லை என்று ஓர் உடன்பாடு. அதற்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் அந்தக் குளவிகளின் நடுவிலேயே வாழ்ந்தார், ஒன்றும் கொட்டவில்லை. ஏற்றுக்கொள்ளுதல் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான உதாரணம் கிடைப்பது கடினம். குளவிகள் போய்விடவில்லை. அவை நல்லவையாக மாறிவிடவுமில்லை. அறையும் பெரிதாகவில்லை. மனிதர் மட்டும் தன் சண்டைகளில் எது தேவையான சண்டை, எது இல்லை என்று பிரித்துக்கொண்டார். வெள்ளையரோடு நடந்த சண்டையை அவர் நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே அத்தியாயத்தில் அணில் குஞ்சுகள் வருகின்றன. தாய் இல்லாத குஞ்சுகளுக்கு எப்படிப் பாலூட்டுவது? பேனாவுக்கு மை நிரப்பும் குழாயின் நுனியில் கொஞ்சம் பஞ்சைச் சுற்றினார்கள்; பாலாடை தயார். ஆனால் நேரு எல்லா உயிரையும் கொஞ்சவில்லை. வௌவால்கள் அவருக்குப் பிடிக்கவே இல்லை; அதையும் மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மையால்தான் அணிலைப் பற்றி அவர் சொல்வதை நம்ப முடிகிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் ஓரளவு ஆறுதல் தருபவை. இயற்கையைக் கவனிப்பது எப்போதும் ஆறுதலில்தான் முடியும் என்றால் ரோசா லக்சம்பர்க்கை என்ன செய்வது?

முதல் உலகப் போரை எதிர்த்ததற்காகச் சிறைப்பட்டிருந்த ரோசா, 1917இல் வ்ரோங்கே கோட்டைச் சிறையில் இருந்தபோது சிட்டுகளோடு பேசப் பழகினார். டிட்மவுஸ் எனப்படும் சிறு பறவையின் குரலை அவர் எழுப்பினால் அது ஓடி வருமாம். தன் கல்லறையில் அந்தப் பறவையின் இரண்டெழுத்துக் கூவல் மட்டும் இருந்தால் போதும் என்று தோழி ஒருவருக்கு எழுதினார். செடிகளை உலர்த்தி ஒட்டி, பெயர் எழுதி நோட்டுப் புத்தகங்களில் சேர்த்தார். ஜெர்மனியில் பாடும் பறவைகள் ஏன் குறைகின்றன என்று படித்துவிட்டு, புதர்களையும் பழைய மரங்களையும் அழித்து விவசாயம் ஒழுங்குபடுத்தப்படுவதே காரணம் என்று கண்டு, மனம் நொந்து எழுதினார். நூறாண்டுக்கு முன்பு, ஒரு கைதி.

பிறகு பிரெஸ்லவ் சிறைக்கு மாற்றப்பட்டார். 1917 டிசம்பரில் அங்கிருந்து தோழி சோஃபி லீப்க்னெக்டுக்கு எழுதிய கடிதத்தில் ஓர் எருமை வருகிறது. ருமேனியாவில் போர்க் கொள்ளையாகப் பிடித்து வரப்பட்ட எருமைகளைக் கொண்டு, ரத்தக் கறை படிந்த ராணுவ உடைகளை மலையாக ஏற்றிய வண்டிகளை இழுக்க வைத்தார்கள். சிறை வாசல் மேட்டில் ஏற முடியாமல் நின்ற மாடுகளைச் சிப்பாய் சாட்டையின் தடித்த முனையால் அடித்தான். இரக்கமே இல்லையா என்று கேட்டதற்கு, எங்கள் மேல் மட்டும் யாருக்கு இரக்கம் என்று பதில் வந்தது. அவ்வளவு தடித்த தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது. சுமை இறக்கும் நேரத்தில் அந்த மாடு அழுத குழந்தையின் முகத்தோடு வெறித்து நின்றது. எதிரில் நின்ற ரோசாவின் கண்ணீர் வழிந்தது.

அந்தக் காட்சி அவருக்கு எந்த அமைதியையும் தரவில்லை. பார்க்கப் பழகிய கண் அழகை மட்டும் பார்த்துவிட்டு மூடிக்கொள்ளாது. ருமேனியப் புல்வெளியை இழந்த மாட்டிலும் அடித்த சிப்பாயிலும் அவர் கண்டது ஒரே போரைத்தான். 1918 நவம்பரில் விடுதலையானார். 1919 ஜனவரி 15 அன்று கொல்லப்பட்டார். இயற்கை அவரைக் காப்பாற்றவில்லை. அதற்காக அவர் அதைப் பார்க்கவும் இல்லை.

வார்பர்க் கைதி வாட்டர்ஸ்டனின் கதை வேறு திசையில் போயிற்று. ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளுக்கு நடுவே, மரமில்லாத ஃபேர் தீவு இருக்கிறது. வலசைப் பறவைகள் இறங்கி இளைப்பாறும் இடம். போருக்கு முன் அவர் அங்கே போயிருந்தார். முகாமில் சக கைதி இயன் பிட்மனோடு சேர்ந்து, அந்தத் தீவில் ஒரு பறவை ஆய்வகம் அமைப்பதற்கான திட்டத்தைத் தீட்டினார். கையில் காசில்லை, உடம்பில் நோய், எப்போது வெளியே வருவோம் என்று தெரியாது. 1943இல் சிறுநீரக நோய் முற்றியதால் கைதிகள் பரிமாற்றத்தில் கப்பலேற்றி அனுப்பினார்கள். கப்பலிலிருந்து தாய்நாட்டில் அவர் கண்ணில் முதலில் பட்ட நிலம் ஃபேர் தீவுதான் என்று சொல்வார்கள். எழுத்தாளன் கற்பனை செய்திருந்தால் ஆசிரியர் வெட்டியிருப்பார்.

போருக்குப் பிறகு அந்தத் தீவையே விலைக்கு வாங்கினார். 1948இல், கடற்படை விட்டுச் சென்ற கொட்டகைகளில் ஆய்வகம் தொடங்கியது. 1954இல் தீவை ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. காண்டர் ஸ்காக்ஹோம் தீவின் பொறுப்பாளராகி, பிறகு பிரிட்டனின் பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கத்துக்கு 1963 முதல் 1975 வரை இயக்குநராக இருந்தார். அவர் காலத்தில் அதன் உறுப்பினர் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது. பாரெட் வேல்ஸ் கடற்கரையில் மாணவர்களுக்கான களக் கல்வி மையத்தை நடத்தினார். பக்ஸ்டன் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார்.

இருக்கும் நிலையை ஏற்றுக்கொள்வதும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதும் ஒன்றல்ல என்று பொதுவாகச் சொல்லும்போது அது வெறும் வாக்கியம். முகாமுக்குள் காகிதத்தில் ஒரு தீவின் ஆய்வகத்தை வரைந்த நோயாளியிடம் இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்தன. வேலியைக் கடக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டார். வேலிக்கு இப்பால் செய்யக்கூடியது என்ன என்பதில் ஓர் அங்குலத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை.

சிறை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மருத்துவமனைக் கட்டில் பெரும்பாலோருக்கு வாய்க்கும். அமெரிக்காவின் ரோஜர் உல்ரிச் 1984இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியா மாநிலத்தின் ஒரு மருத்துவமனையில் 1972க்கும் 1981க்கும் இடையே பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை எடுத்தார். வயது, பாலினம் முதலியவை பொருந்துமாறு இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார். ஒருவர் கட்டிலிலிருந்து ஜன்னல் வழியே மரங்கள் தெரியும். மற்றவருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்துகளும் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான், முக்கால் நாளை வைத்து முழுக் கோட்டை கட்டிவிட முடியாது. ஆனால் மருத்துவமனை கட்டுபவர்கள் ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்று யோசிக்கத் தொடங்கியதில் அதற்குப் பங்கு உண்டு. நம் ஊரில் வார்டு ஜன்னல்கள் பெரும்பாலும் ஜெனரேட்டரைப் பார்த்துத்தான் திறக்கின்றன.

அந்த ஜன்னலிலும் காகமும் மைனாவும் புறாவும் வராமல் இருப்பதில்லை. தமிழ்நாட்டில் 2015 முதல் ஜனவரி மாதம் பொங்கல் விடுமுறை நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. இருக்கும் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்றோ உட்கார்ந்தோ பார்த்து, எந்தப் பறவை, எத்தனை, எந்த நேரத்தில் என்று எழுதி ஈபேர்ட் இணையதளத்தில் பதிய வேண்டும். காட்டுக்குப் போக வேண்டியதில்லை. மொட்டை மாடி போதும், பேருந்து நிலையமும் ஆகும். எழுந்து நடக்க முடியாதவர் கட்டிலில் இருந்தபடியே ஜன்னலுக்கு வெளியே பார்த்ததையும் சேர்த்துக்கொள்வார்கள். காகம் மட்டும்தான் வந்தது என்றால் காகம் என்றே எழுதலாம். எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லக் கூடாது என்பதுதான் விதி.